இணைச்சீருக்கு முன் ஒரு மாத்திரை

கரும்பலகையில் நான் இதுவரை வரைந்த குடல்களையெல்லாம் அவிழ்த்து நீட்டினால் நாமக்கல்லில் இருந்து சேலம் போய்த் திரும்பி வரலாம். விடுதிப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் அந்தப் பாடம் வரும். மஞ்சள் சுண்ணக்கட்டியில் இரைப்பை, சிவப்பில் சிறுகுடல், அதைச் சுற்றிச் சட்டம் அடித்ததுபோல் நீலத்தில் பெருங்குடல். "குடல் சுவரில் தசை இருக்கிறது. அது சுருங்கும், தளரும். அந்த அலைதான் உணவைத் தள்ளிக்கொண்டு போகிறது" என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நான் கையைத் தட்டித் தூசி போக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அலை என்று வாய் சொன்னதே தவிர, ஒரு நாளும் அந்தக் கரையில் நான் நின்றதில்லை.

பிறகு ஒரு நாள் என் வயிறே என்னை அங்கே நிறுத்தி வைத்தது. பள்ளிக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், முட்டை ஏற்றிய வண்டி ஒன்றை எங்கள் ஓட்டுநர் முந்திக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றின் இடப்பக்கம் யாரோ பிடித்தார்கள். நனைந்த போர்வையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து எதிரெதிராக முறுக்குவார்கள் அல்லவா, அப்படி. முறுக்கினார்கள், சற்று விட்டார்கள், மறுபடியும் முறுக்கினார்கள். காதோரம் வியர்த்தது. பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்பின் தெரியாத வீட்டின் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கை காட்டினார். இன்றும் அந்த வழியாகப் போகும்போது அந்த வீட்டை ஒரு தரம் பார்த்துவிடுவேன். கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோலத்தான்.

அதன் பிறகு என் உலகத்தின் வரைபடம் மாறிவிட்டது. நாங்கள் இருப்பது சங்ககிரியில். என் வீட்டுக்காரர் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். சங்ககிரியைச் சுற்றி எந்தப் பெட்ரோல் பங்கில் கழிவறைக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள், சாவி யார் பையில் இருக்கும், எந்தப் பேக்கரிக்காரர் டீ வாங்காவிட்டாலும் உள்ளே விடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. மலைக்கோட்டையைக் காட்டி ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் வியப்பார்கள். என் கண் கோட்டைக்குக் கீழே எங்கே கதவு இருக்கிறது என்று தேடும்.

"ஏம்மிணி, முப்பது வருஷம் லாரி ஓட்டுனவனுக்குக் கூட இத்தன பங்கு தெரியாது" என்பார் அவர். "ஒரு புஸ்தகம் போட்டீன்னா நம்ம கடையில வெச்சு நானே வித்துத் தாரேன்."

"போடறேனுங்க. மொதப் பக்கத்துல உங்க போட்டாவ வெக்கறேன்."

சிரித்துக்கொள்வோம். சிரிப்புக்கு அடியில் நான் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தேன். காலையில் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் பிள்ளைகளோடு சாப்பிடுவதை விட்டேன். பிறகு பாலை, வெளியூர்க் கல்யாணங்களை. ஆடி மாதத்து நோம்பிக்குக் கூடத் தாய் வீட்டுக்குப் போகவில்லை. சேலத்தில் ரத்தம் பார்த்தார்கள், மலம் பார்த்தார்கள், வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை. கடைசியாகப் பின்வழியே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். என்னைவிட வயதில் சிறியவர், சேலத்துப் பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டுதான் பேசுவார்.

வெட்கமும் பயமுமாகப் படுத்தேன். மயக்க மருந்து கொஞ்சமாகத்தான் கொடுத்திருந்தார்கள், பாதி விழிப்பு. தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. அதில் நான் இருந்தேன்.

அதை எப்படிச் சொல்வது. சுண்ணக்கட்டியால் நீலமாக நான் வரைந்த சட்டம் அங்கே இல்லை. விடியற்காலை வானத்தின் நிறத்தில் ஒரு குகை. வளைவுக்கு வளைவு ஈரமான மடிப்பு. மடிப்பின் விளிம்பில் வெளிச்சம் பட்டு மினுங்கியது. சுவரெங்கும் மெல்லிய சிவப்புக் கோடுகள், அரச இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் தெரியுமே, அந்த மாதிரி கிளை பிரிந்து கிளை பிரிந்து போயின. நான் பிறந்ததில் இருந்து இந்த இடம் இருட்டில் இருந்திருக்கிறது. நான் பார்க்காமலே, கேட்காமலே, எனக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓர் இடத்தில் சுவர் தானாகச் சுருங்கிற்று. வழி மூடியது. கேமரா காத்திருந்தது. ஒரு பூ தன்னைத்தானே யோசித்துப் பார்த்துவிட்டு மலர்வதைப்போல, மறுபடி திறந்தது. யாரும் அதற்குச் சொல்லவில்லை. நான் சொல்லவேயில்லை. என் கண்ணில் நீர் வழிந்ததை வலி என்று நினைத்து நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தமா இருக்குங்க மேடம். புண் இல்ல, கட்டி இல்ல" என்றார் மருத்துவர் பிறகு. "இதுக்கு ஐ.பி.எஸ்.னு பேரு. எரிச்சல் குடல்னு சொல்லலாம். குடல் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதோட தசை தேவைக்கு மேல இறுக்கிப் பிடிக்கும். சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறும். பரீட்சை, பயணம், சாப்பாடு, கவலை, எது வேணா அதுக்குக் காரணம்தான்."

"அப்ப நான் நெனச்சுக்கறதுதானா இது?"

"இல்லவே இல்ல. நிஜமாவே பிடிக்குது, நிஜமாவே வலிக்குது. அந்தப் பிடியைத் தளர்த்த மாத்திரை இருக்கு, தரேன். வேரோட பிடுங்கற மருந்துன்னு சொல்ல மாட்டேன். பிடியைத் தளர்த்தும், அவ்வளவுதான்."

முதலில் கொடுத்த மாத்திரை வாயை உலர்த்திவிட்டது. வகுப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னதும் வேறொன்றுக்கு மாற்றினார். அந்த இரண்டாவது மாத்திரை வெள்ளையாக, ஒரு புளியங்கொட்டைக்கும் சின்னதாக இருந்தது. அதைத்தான் மாதக்கணக்கில் சாப்பிட்டேன். பலன் என்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கேட்கும், பல நாள் கேட்காது. இதுவும் போய்ச் சேர்ந்த லிஸ்டில் ஒன்று என்று விட்டுவிட இருந்தேன்.

அப்போதுதான் என் தம்பிக்குப் பெண் அமைந்தது.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குப் பெண் அமைவது என்ன பாடு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தம்பி ரிக் வண்டி வைத்திருக்கிறான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி. வருஷத்தில் பாதி நாள் மத்தியப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் தரையைக் குடைந்துகொண்டிருப்பான். நல்லவன், நாற்பதைத் தாண்டிவிட்டான், முன்தலையில் மயிர் பின்வாங்கிவிட்டது. தரகர்கள் வந்தார்கள், போனார்கள். ஜாதகம் பொருந்தினால் வயது பொருந்தாது, வயது பொருந்தினால் "ரிக்குக்காரனா, ஊட்டுல இருக்கவே மாட்டானே" என்பார்கள். அம்மா பெண் கேட்டுப் போவதையே நிறுத்தியிருந்தாள். அப்போது காவிரிக்கரையில், பள்ளிபாளையத்தில் ஒரு பெண். அவளுக்கும் முப்பத்தைந்துக்கு மேல். தறிப்பட்டறைகளுக்கு நூல் விற்கும் கடையைத் தனியாக நடத்துகிறவள். "வருஷத்துல பாதி நாள் ஊட்டுல இருக்க மாட்டாரா? நல்லதாப் போச்சுங்க, எனக்கும் கடை வேல இருக்குது" என்று அவள் சொன்னதாகத் தம்பி போனில் சொன்னபோது அவன் குரல் பதினாறு வயசுக் குரலாக இருந்தது.

கல்யாணம் நிச்சயம் என்றால் இணைச்சீர் நிச்சயம். எங்கள் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் செய்ய வேண்டிய சீர் அது. தலையில் மூங்கில் பேழையைச் சுமந்து, கையில் தண்ணீர்ச் செம்போடு வந்து, மணவறையில் தம்பியின் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் கக்கத்தில் கொடுப்பார்கள், மறுமுனை அவள் கையில். சீரை நடத்தி வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் எல்லாம் செய்து முடித்து, இறங்கலாம் என்று சொல்லும்வரை அந்தச் சேலையை விடக்கூடாது. இன்னொருத்தி வரப்போகிறாள், இருந்தாலும் என் பங்கு உன்னிடத்தில் இருக்கிறது என்று அக்காள் ஊரறியச் சொல்லும் இடம் அது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடியக் கால் மணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும்.

ஒரு மாப்பிள்ளைக்குச் சீர் செய்யும் அக்காள் ஒருத்திதான். இவனுக்கு நான்.

தாய் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் சொன்னேன். "பெரியப்பன் மக இருக்கறாளே. அவளும் அக்காதான். அவளே சீர் செய்யட்டும். நான் கீழ உக்காந்து பாத்துக்கறேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நீ உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி வந்து நிப்பாளா? ஒறம்பர சனமெல்லாம் என்ன பேசுவாங்க? அக்காளுக்கும் தம்பிக்கும் ஆகறதில்லைன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

"நின்னுக்கிட்டே இருக்கறப்ப வயிறு புடிச்சுதுன்னா? தலையில பேழ, கையில செம்பு. எங்கம்மா ஓடுவேன்? பாதியில சேலைய உட்டுட்டுப் போனா அது என்ன சகுனமுன்னு பேசுவாங்க, அத நெனச்சியா?"

அம்மா முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். தம்பி வாசலில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தவன் உள்ளே வந்தான்.

"அக்கா, போர் போடறப்ப தொளைக்கற பிட்டு உள்ள மாட்டிக்கும். புதுசா வந்த பசங்க என்ன செய்வாங்க தெரியுமா? புடிச்சு இழுப்பாங்க. இழுக்க இழுக்க இறுகும். லூஸ் உடோணும். காத்த உள்ள உட்டு, மெல்ல ஆட்டி, லூஸ் உட்டா தானா வரும். உம்பட வயித்துலயும் பிட்டுத்தான் மாட்டியிருக்குது."

"உனக்கு வெளையாட்டா இருக்குது."

"வெளையாட்டு இல்லக்கா. நீ நிக்காட்டி எனக்குக் கண்ணாலமே வேண்டாம். பொண்ணூட்டுல நானே போய்ச் சொல்லிப்போடறேன்."

சொல்லிவிடுவான், அவனைத் தெரியும். இத்தனை வருஷம் காத்திருந்து வாய்த்ததை என் வயிற்றுக்காக ஆற்றில் விட்டுவிடுவான். திரும்பி வரும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, என்னுள்ளே சுருண்டு கிடக்கும் அதனிடம் முதல்முறையாகக் கெஞ்சினேன். ஒரே ஒரு சாயங்காலம். அதற்குமேல் உன் இஷ்டம்.

அடுத்த வாரமே சேலத்துக்குப் போனேன். மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மாத்திரை எப்பச் சாப்பிடறீங்க?"

"மூணு வேளையும் தவறாம சாப்பிடறேன்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கேள்வியே எனக்கு விளங்கவில்லை. மாத்திரை என்றால் சாப்பிட்டுவிட்டுத்தானே. எங்கள் வீட்டில் காய்ச்சல் மாத்திரைக்குக் கூட அம்மா முதலில் இரண்டு இட்லியை வாயில் திணிப்பாள். "வெறும் வயித்துல மாத்திர போடாத சாமி, வயிறு வெந்துபோயிரும்" என்பது நான் முதன்முதலில் கேட்ட மருத்துவம். மருந்துக்கடைப் பெண் கவரின் மேல் என்ன எழுதினாலும் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொள்கிறவள் நான். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பிறகுதான் போட்டிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

"டீச்சர் நீங்க, உங்களுக்குத் தெரியாததா. சாப்பாடு வாய்ல போனதுமே பெருங்குடல் முழிச்சுக்கும். மேல சரக்கு வருது, கீழ இடம் பண்ணுன்னு. உங்களுக்கு அப்பத்தான் பிடிக்கும், இல்லையா?"

"ஆமாங்க. சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள."

"அப்ப இந்த மாத்திரை அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கணும். சாப்பாட்டுக்கு ஒரு கால் மணி, இருபது நிமிஷம் முன்னாடி. கூட்டம் உள்ள வந்த பிறகு போலீஸ் வந்து என்ன பிரயோசனம்?"

நான் பாடத்தில் அதைச் சொல்லித்தந்திருக்கிறேன். இரைப்பை நிறைந்தால் பெருங்குடல் அசையும் என்று. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் உடம்பு ஒவ்வொரு சாப்பாட்டின்போதும் அதே விடையை எனக்கு எழுதிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதப் போட்டா கல்யாணத்துல நின்னுருவேனுங்களா டாக்டர்?"

"சத்தியம் பண்ண மாட்டேன். இப்ப இருந்தே சரியான நேரத்துக்குப் போடுங்க. எது சாப்பிட்டா ஒத்துக்கலைன்னு கவனிங்க. தூங்குங்க. அன்னைக்குப் புதுசா எதையும் சாப்பிட்டுப் பாக்காதீங்க." எழுந்தபோது சொன்னார்: "போய் நில்லுங்க. நீங்க நிக்காம வேற யாரு நிப்பாங்க."

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வெறும் வயிற்றில் நான் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. தெரியாம சொல்லியிருக்கும். ஒரே ஒரு இட்லியாச்சும் முழுங்கிக்க." நான் கேட்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து, ஏதாவது ஆகிவிடும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஒன்றும் ஆகாததுதான் அதிசயம். அதை எழுத எனக்கு வார்த்தை வந்து சேரவில்லை. வலி வந்தால் எழுதலாம், ஆயிரம் உவமை கிடைக்கும். வலி வராமல் போனதை எப்படி எழுதுவது? சில வாரம் கழித்து ஒரு காலை, பள்ளி விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல் இருந்தது. கைப்பையைத் தடவினேன், கண்ணாடி இருந்தது, சாவி இருந்தது. பிறகுதான் புரிந்தது, காணாமல் போனது வலி. மைதானத்தில் வேப்பமரத்தடியில் நின்று வயிற்றின் மேல் கையை வைத்தேன். உள்ளே மெல்ல, மிக மெல்ல, ஒன்று நகர்ந்தது. பிடிக்கவில்லை, முறுக்கவில்லை. நகர்ந்தது. இதைத்தான் அலை என்று இத்தனை நாளும் சொல்லியிருக்கிறேன். புளியங்கொட்டைக்கும் சிறிய ஒன்று, இருட்டுக்குள் தனியாக இறங்கிப் போய், எங்கே இறுக்கம் என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கே என்ன சொல்லியிருக்கும்? எந்தப் பாஷையில் சொல்லியிருக்கும்? என் கெஞ்சலுக்குக் காது கொடுக்காதது அதற்கு மட்டும் எப்படி இசைந்தது?

எல்லா நாளும் அப்படி இல்லை. மாதத் தேர்வு வாரத்தில் பழையபடி பிடித்தது. ஒரு ஞாயிறு ஆசைக்கு ஒரு டம்ளர் பால் டீ குடித்துவிட்டுப் பகல் முழுக்கச் சுருண்டு கிடந்தேன். ஆனாலும் என் வரைபடத்தில் பெட்ரோல் பங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின. கோட்டையை நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஏறிப் போகும் சுவர் மாலை வெயிலில் பழுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் இது இங்கேயேதான் இருந்ததா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "இல்லம்மிணி, நேத்துத்தான் லோடு எறக்குனாங்க" என்றார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பள்ளிபாளையத்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றுக் காற்று பந்தல் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் சீர். நான் கணக்குப் பண்ணி மாத்திரை போட்டு, காத்திருந்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, பட்டுச்சேலை கட்டித் தயாராகிவிட்டேன். அருமைக்காரர் வரவில்லை. மறுநாள் நல்ல முகூர்த்தம், ஊரெல்லாம் கல்யாணம், ரோடெல்லாம் வேன். அவர் முந்தின மண்டபத்தில் இருந்து கிளம்பிப் பாலத்தில் மாட்டிக்கொண்டார் என்று சொன்னார்கள். வெளிச்சம் மங்கியது. விளக்குப் போட்டார்கள். என் கணக்கு முழுக்கக் கலைந்தது. சித்தி முறையில் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன கண்ணு, மொகம் வெளுத்துக் கெடக்குது. அந்த வயிறு இன்னும் சரியாகலியா? நீ அத நெனைக்காத, தானாப் போயிரும்."

"செரிங்க சித்தி."

"அங்க பாரு, பெரியப்பன் மக கூடப் பட்டுக் கட்டித்தான் வந்திருக்கறா. எதுக்கும் இருக்கட்டுமுன்னு."

பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். அம்மாதான் சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. கோபம் வரவில்லை. அடிவயிற்றில், இடப்பக்கம், யாரோ போர்வையின் நுனியைத் தேடிக் கை நீட்டுவதுபோல் இருந்தது.

அப்போது பார்த்து அருமைக்காரர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிய கையோடு, "ஏனுங்க, சீர்க்காரி யாரு? வாங்க, நேரமாச்சு" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பெரியப்பன் மகள் அரையாக எழுந்தாள். நான் முழுவதுமாக எழுந்தேன்.

தலையில் பேழையை ஏற்றினார்கள். கையில் செம்பைக் கொடுத்தார்கள். மணவறையைச் சுற்றி வந்து தம்பியின் பக்கத்தில் நின்றேன். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கக்கத்துக்குப் போயிற்று. மறுமுனையை என் விரல்களுக்குள் வைத்து மூடினார் பெரியவர். புதுத்துணியின் மொடமொடப்பு. வீடியோக்காரர் வெளிச்சத்தை நேரே முகத்தில் அடித்தார். "அக்கா, கொஞ்சம் சிரிங்க." நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தார். அப்போது உள்ளே பிடித்தது.

தெரிந்த பிடி. கழுத்துக்குப் பின்னால் வியர்வை இறங்கிற்று. செம்பில் தண்ணீர் நடுங்கி வளையம் வளையமாகப் போனது. கழிவறை மேடைக்கு இடப்பக்கம், சமையல்கட்டைத் தாண்டி, நீலக் கதவு. வந்தவுடன் பார்த்து வைத்ததுதான். சேலையை விட்டால் போய்விடலாம். விட்டால், விடுவதை நாலாபக்கமும் பார்ப்பார்கள், தம்பியும் பார்ப்பான். பெரியவர் எதையோ முணுமுணுத்தபடி அவசரமே இல்லாமல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தம்பி முகத்தைத் திருப்பாமலே, உதட்டை அசைக்காமலே கேட்டான். "புடிக்குதாக்கா?"

"ம்."

"போறதுன்னா போ. சேலைய உட வேண்டாம். நானும் கூட வாரேன். கதவுக்கு வெளிய சேலையப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கறேன்."

நான் அதை மனசுக்குள் பார்த்தேன். பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக, மாலை போட்ட மாப்பிள்ளை, நீலக் கதவுக்கு வெளியே கூறைச்சேலையின் முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். சமையல்காரர்கள் கரண்டியோடு வேடிக்கை பார்க்கிறார்கள். பின்னாலேயே அருமைக்காரர், நாதஸ்வரக்காரர், வீடியோக்காரர், என் வீட்டுக்காரர், மொத்த ஒறம்பரையும். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஓர் அடி எடுத்து வைத்தால் அவனும் வைத்துவிடுவான்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அடக்கியது வயிற்றில் இறங்கி அங்கே குலுங்கிற்று. பேழை ஆடியது. "ஆடாம நில்லு சாமி" என்றார் பெரியவர். அந்தக் குலுக்கலின் அடியில், முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று யோசித்தது. சேலத்தில் அன்றைக்குக் கேமரா முன்னால் யோசித்தது போலவே யோசித்தது. நான் மூச்சை விட்டேன். அது திறந்தது. வெதுவெதுப்பாக, மெல்ல, இடப்பக்கத்தில் இருந்து உள்ளே பரவி, ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது.

மாத்திரையா, சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை. மாலை போட்ட அந்த வழுக்கைத் தலையனா? டாக்டரைக் கேட்டால் குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்பு ஓடுகிறது என்பார், அதுவும் நான் நடத்துகிற பாடம்தான். எல்லாமுமாகச் சேர்ந்து அந்த இருட்டுக்குள் ஒரே சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். விரல்களைப் பார்த்தேன். துணியின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்திருக்கிறோம், யாரும் முறுக்கவில்லை. நடுவில் சேலை மெதுவாகத் தொங்கி, ஆற்றுக் காற்றில் அலை அலையாக அசைந்தது.

கடைசிவரை நின்றேன். பெரியவர் "இறங்குங்க அம்மிணி" என்று சொன்னபோது எனக்குத்தான் சேலையை விட மனம் வரவில்லை. பெரியப்பன் மகள் ஓடி வந்து பேழையை இறக்கினாள். "நல்ல வேள, எந்தலைக்கு வராமப் போச்சு" என்றாள்.

பந்தியில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு என்னிடம் வந்தபோது, பின்னால் இருந்து ஒரு கை நீண்டு என் இலையை மறைத்தது. அம்மா. மறுகையில் தண்ணீர்ச் சொம்பு, உள்ளங்கையில் அந்த வெள்ளை மாத்திரை. என் கைப்பையைத் துழாவி எடுத்து வந்திருக்கிறாள்.

"இருங்க சாமி. அவளுக்கு மாத்திர போட்டுட்டுத்தான் சோறு. கொஞ்ச நேரமாகும்."

"அம்மா, பந்தி நிக்குதுங்க. சாப்பிட்டுட்டு மாத்திர போட்டுக்கச் சொல்லுங்க."

"சாப்பிட்டுட்டுப் போட்டா அது கேக்காது" என்றாள் அம்மா, பிறந்ததில் இருந்து அதையே சொல்லி வருகிறவளைப்போல. "நீங்க அடுத்த எலைக்குப் போங்க."

விழுங்கினேன். பரிமாறுகிறவர் முணுமுணுத்தபடி அடுத்த இலைக்குப் போனார். அங்கே தம்பி உட்கார்ந்திருந்தான், மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. அவனும் தன் இலையைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"எனக்கும் கொஞ்ச நேரமாகுமுங்க" என்றான்.

பந்தியில் எல்லோரும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பருப்பின் வாசம், நெய்யின் வாசம். வெறும் இலைகளுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் தெளித்த இலையில் துளிகள் உருண்டுகொண்டிருந்தன. கண்ணை மூடினேன். விடியற்காலை நிறத்தில் இருந்த அந்தக் குகைக்குள், மடிப்பு மடிப்பாக, அது இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.